நம்பனும் நம்பினவரும்

உலக வாழ்க்கை நம்பிக்கை என்னும் கட்டினால் நிலைபெறுவது. வணிகன் கடலுக்கு அப்பால் உள்ளானை நம்பிச் சரக்கு விடுக்கின்றான். குத்தகைக்காரன் நிலமுடையானை நம்பி விதைக்கின்றான். நோயாளன் மருத்துவனை நம்பித் தன் உடலை ஒப்புவிக்கின்றான். இவற்றுள் எல்லாம் நம்புவோன் ஒருவனும் நம்பப்படுவோன் ஒருவனுமாக இருவர் உளர். இருவருள் ஒருவர் பிழைப்பினும் கட்டு அறுந்துபோகின்றது. இங்ஙனமாயின், இறைவனுக்கும் அடியார்க்கும் இடையே உள்ள நம்பிக்கை எத்தகையது? அடியார் நம்புகின்றனர் என்பது வெளிப்படை. அந்நம்பிக்கைக்கு இறைவன் எவ்வாறு உண்மையாய் நிற்கின்றான்? அடியார் பிழைத்தவழி அவன் செய்வது யாது? நம்பியிருந்தும் பெருந்துயர் உற்றவர்க்கு நாம் கூறத்தகும் விடை யாது? இவ்வினாக்களைச் சித்தாந்த நெறி நின்று, திருமயிலாப்பூரிலும் அதனை அடுத்த திருவொற்றியூரிலும் நிகழ்ந்த அடியார் வரலாறுகளைக் கொண்டு ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

1. இரு சொற்கள்

முதற்கண் சொற்பொருளை நோக்குவாம். 'நம்பு' என்னும் உரிச்சொல்லுக்கு விருப்பம் என்னும் பொருளைத் தொல்காப்பியர் உரியியலில் ஓதினார். ஆகவே நம்பிக்கை என்பது தொன்மையில் ஊதியத்தை எண்ணிப் பார்க்கும் கணக்கன்று. உள்ளம் ஒன்றனை விரும்பிச் சார்தலே அஃது. சிவபெருமானுக்கு 'நம்பன்' என்று ஒரு திருநாமம் உண்டு. யாவராலும் விரும்பப்படுவோன் என்பது அதன் பொருள். திருவாரூர்ச் சுந்தரர்க்கோ 'நம்பி' என்று பெயர். ஆண்டவனும் நம்பன், அடியவரும் நம்பி! ஒரு வேரினின்றே இரு பெயரும் கிளைத்தமை சிந்திக்கற்பாலது.

மற்றொரு சொல் 'உண்மை.' வாய்மை என்னும் பொருளில் இன்று நாம் இதனை வழங்குகின்றோம். ஆயின் உள்ளதாம் தன்மை என்பதே இச்சொல்லின் முதற்பொருள். இன்மை என்பதன் மறுதலை இது. ஒருவன் நமக்கு உண்மையாய் இருக்கின்றான் என்றால், வேண்டுங்காலத்து அவன் இல்லாமற் போகாமல் உளனாய் நிற்கின்றான் என்பதே கருத்து. இறைவன் அடியார்க்கு உண்மையாய் இருத்தலாவது, அவன் அவர்பால் என்றும் உளனாய் இருத்தலேயாம். இவ்வொன்றனை நன்கு பற்றிக்கொள்வார்க்குப் பின்வருவன எல்லாம் எளிதின் விளங்கும்.

2. முற்பட்டது யாருடைய உண்மை?

பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதி என்பது நம் சித்தாந்தம். உயிர் அநாதியே ஆணவ இருளில் அழுந்திக் கிடந்த காலத்தும் இறைவன் அவ்வுயிரை விட்டு நீங்கினான் அல்லன். கலப்பினால் ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், உயிர்க்கு உயிராய் நின்று செலுத்துதலால் உடனாயும் அவன் நிற்கின்றான். உயிர் அவனை அறியாதிருந்த காலத்தும் அவன் உயிரை அறிந்திருந்தான். உயிர் விரும்பாதிருந்த காலத்தும் அதன்பொருட்டு உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் படைத்தளித்தான். ஆதலின், இருவர்க்கும் இடையேயுள்ள இவ்வுறவில் முற்பட்டது இறைவனுடைய உண்மை. நம்முடைய நம்பிக்கை அதற்குக் காலங்கடந்து பிறக்கும் மறுமொழியே. நாம் நம்பினமையால் அவன் உண்மையாயினான் என்பது பிழை. அவன் உண்மையாய் நின்றமையால் நாம் நம்பக்கற்றோம் என்பதே நெறி.

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் பதினோராஞ் சூத்திரம் இதனை ஓர் உவமையான் விளக்குகின்றது. கண் ஒரு பொருளைக் காணும்போது, உயிர் அக்கண்ணுடன் இருந்து காட்டித் தானும் காண்கின்றது. உயிர் இல்வழிக் கண் திறந்திருந்தும் காணாது. அவ்வாறே உயிர் ஒன்றனை அறியும்போது, இறைவன் அவ்வுயிருடன் இருந்து அறிவித்துத் தானும் அறிகின்றான். ஆகலின் அவனைத் தளர்வின்றி அன்பு செய்ய, உயிர் அவன் திருவடியைத் தலைப்படும் என்பது அச்சூத்திரக் கருத்து. ஈண்டு இருபாற்கடமையும் ஒருங்கே கூறப்பட்டமை காண்க. உடனிருத்தல் இறைவன் செயல். தளராது அன்பு செய்தல் உயிரின் செயல்.

3. சிவநேசர் வைத்த குடம்

இனி மயிலைக்கு வருவாம். திருஞானசம்பந்தப்பிள்ளையார் காலம் 7-ஆம் நூற்றாண்டு. அக்காலத்து மயிலாப்பூரில் சிவநேசர் என்னும் பெருவணிகர் வாழ்ந்தார். கடல்வாணிகத்தாற் பெருஞ்செல்வம் எய்தியவர். நெடுங்காலம் மகப்பேறின்றி வருந்தித் தவத்தாற் பூம்பாவை என்னும் மகளைப் பெற்றவர். பிள்ளையாருடைய பெருமையை அடியார் வாயிலாகக் கேட்டு, அவரை நேரிற் காணுமுன்னரே, தம் மகளையும் செல்வத்தையும் தம்மையும் அவர்க்கே கொடுத்தேன் என்று சுற்றத்தார் அறியக் கூறினார். பின்னர் ஒருநாள் நந்தவனத்தில் மலர் பறிக்கச்சென்ற அப்பெண்ணை அரவம் தீண்டிற்று. இவ்வரலாற்றைக் குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் திருத்தொண்டர் புராணத்துள் விரித்தோதினார்.

சிவநேசர் அப்பொழுது செய்தவற்றை ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும். முதலாவது, அவர் கைகட்டி வாளா இருந்திலர். விடந்தீர்க்க வல்லார் பலரை வருவித்தார்; தீர்ப்பார்க்குப் பெருநிதி தருவதாகப் பறையறைவித்தார். இறைவனை நம்புதல் மனித முயற்சியை விடுதலாகாது என்பது இதனாற் பெறப்படும். அரவு தீண்டினாரை இன்று தாழாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாமல், நம்பியிருக்கின்றோம் என்று வீட்டில் வைத்திருப்பார் சிவநேசர் நெறியைப் பின்பற்றுவார் அல்லர்.

இரண்டாவது, முயற்சி எல்லாம் பழுதாகி மகள் இறந்தபின், அவர் தேறிய முறை. இவளைப் பிள்ளையார்க்கு உரியவள் என்று முன்னரே சொல்லிவிட்டோம். ஆகலின் இவள்பொருட்டுத் துன்புறுதற்கு நமக்கு உரிமை இல்லை என்று அவர் எண்ணினார். உடலை எரித்து, சாம்பலையும் என்பையும் ஒரு குடத்திற் சேர்த்து, கன்னிமாடத்தே மெல்லணைமேல் வைத்து, மலரும் சாந்தும் அணிவித்துப் பிள்ளையார் வரும்வரை காத்திருந்தார்.

இச்செயலை ஒரு தந்தையின் பேதைமை என்று இகழ்வாரும் உளர். பின்னர் வரவிருந்த அற்புதத்தை அறிந்து செய்த செயல் என்று புகழ்வாரும் உளர். இருவர் கருத்தும் பொருந்துவதன்று. மகள் மீண்டு எழுவாள் என்று சிவநேசர்க்கு எவரும் வாக்களித்திலர். அவர் அறிந்தது ஒன்றே: இஃது என் பொருள் அன்று, பிறர்க்குக் கொடுத்த பொருள், உரியவர் வரும்வரை எந்நிலையிலாயினும் அதனைப் பேணிக் காத்து ஒப்புவித்தல் என் கடன். நேர்மையான வணிகன் பிறர் அடைக்கலப் பொருளைக் காக்குமாறு போலவே அவர் அக்குடத்தைக் காத்தார். பொன்னாய் இருந்தபோது காத்து, சாம்பலானபோது எறிந்துவிடுவது அடைக்கலம் காத்தல் ஆகுமா? நம்பிக்கை முழுமை எய்தியது குடம் திறந்த நாளில் அன்று. குடத்தை மூடிவைத்த நாளிலேயே அது முழுமை எய்திற்று.

4. பிள்ளையார் விடுத்த வினா

பிள்ளையார் திருவொற்றியூர்க்கு எழுந்தருளினார் என்று கேட்ட சிவநேசர், மயிலையினின்றும் ஒற்றியூர்வரை, ஏறக்குறைய 15 கிலோமீட்டர் வழி முழுதும் பந்தரிட்டு அலங்கரித்து எதிர்கொண்டார். பிள்ளையார் கபாலீச்சரத்து இறைவனை வணங்கிய பின், குடத்தைத் திருமதிலின் புறத்தே கொணருமாறு பணித்தார். அங்கே பாடியருளிய பதிகம் இரண்டாந் திருமுறையில் உள்ளது.

அப்பதிகத்திற் பிள்ளையார் கேட்பது வியப்புக்குரியது. எழுக என்று அவர் ஆணையிட்டார் அல்லர். உயிர் தருக என்று இறைவனை மன்றாடினாரும் அல்லர். அப்பெண்ணையே நோக்கி, இவற்றைக் காணாமலோ போகின்றாய் என்று வினவுகின்றார். காணவேண்டியவை யாவை? அடியார்க்கு அமுதூட்டும் விழா, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என மயிலையில் ஆண்டு முழுதும் நிகழும் விழாக்களே. மண்ணிற் பிறந்தார் பெறும் பயன் அடியாரை அமுதுசெய்வித்தலும் இறைவன் விழாவைக் கண்டு களித்தலுமே என்பது மெய்யாயின், உலகர் முன் வருக என்பதே பிள்ளையாரின் கருத்து என்று சேக்கிழார் உரைக்கின்றார்.

இதன் ஆழம் நோக்குக. பிறவி அளித்தவன் இறைவன். அப்பிறவிக்குப் பயன் வகுத்தவனும் அவனே. வகுத்த பயனை எய்தாமுன் அடியவர் மகள் போய்விட்டால், அவன் வகுத்தது மெய்யாகுமாறு எங்ஙனம்? ஆகவே பிள்ளையார் பிணையாக வைத்தது தம் தவத்தையும் அன்று, சிவநேசர் கொடையையும் அன்று. இறைவனுடைய உண்மையையே பிணையாக வைத்தார். நம்பினார் நம்பப்பட்டானுடைய உண்மையையே எடுத்துக்காட்டி அவனிடம் கேட்டல் அன்பின் உரிமையாகும். இறைவனும் அவ்வுரிமையை ஏற்றான்; குடம் உடையப் பன்னிரண்டு வயதுப் பெண்ணாய்ப் பூம்பாவை எழுந்தாள்.

5. கேட்டதும் கிடைத்ததும்

கதை இவ்விடத்தே முடிந்ததென்று பலர் கருதிவிடுகின்றனர். இதன் பின்னர் நிகழ்ந்ததே நம் ஆராய்ச்சிக்கு மிக வேண்டுவது. சிவநேசர் பிள்ளையாரை வணங்கி, இவளை மணந்தருள வேண்டும் என்று இரந்தார். அவர் முன்னரே செய்த கொடை அதுவன்றோ? பிள்ளையாரோ, நீர் பெற்ற பெண் விடத்தால் மாய்ந்தாள். இவள் இறைவன் திருவருளால் நாம் தோற்றுவித்தவள். ஆதலின் மணம் தகாது என்று மறுத்தருளினார். சுற்றத்தார் பெரிதும் வருந்தினர். சிவநேசர் அவளைப் பிறர் எவர்க்கும் கொடுக்க ஒருப்படாது, மீண்டும் கன்னிமாடத்தே வைத்தார். அவளும் சிவனையே உன்னித் திருவடி சேர்ந்தாள்.

ஆகவே சிவநேசர் எண்ணியது ஒன்று. இறைவன் நிறைவேற்றியது மற்றொன்று. மருகராகப் பிள்ளையாரைப் பெறவேண்டும் என்ற விருப்பம் நிறைவேறிற்றில்லை. ஆயினும் அவர் இறைவன் பிழைத்தான் என்று கூறிற்றிலர். திருவருள் நம் விருப்பத்திற்கு உண்மையாய் நிற்பதன்று. நமக்கே உண்மையாய் நிற்பது. இவ்விரண்டற்கும் உள்ள வேறுபாட்டை உணராதார், விரும்பியது வாராதபோது இறைவன் கைவிட்டான் என்று மயங்குவர்.

6. குடம் திறவாதவர்க்கு விடை யாது?

ஈண்டு ஒரு தடை எழும். மகவை இழந்த தாய்தந்தையர் எத்துணையோ பேர் கபாலீச்சரத்தின் திருவாயிலில் நின்று அழுதிருப்பர். அவர் மகவு மீண்டு எழுந்ததில்லை. அவர் நம்பிக்கை சிவநேசர் நம்பிக்கையினும் தாழ்ந்ததோ? அன்றி இறைவன் அவர்க்கு உண்மையாய் நின்றிலனோ?

இத்தடையை எளிதாகத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. நுகர்வினை நுகர்ந்தே தீரும். அதனை ஊட்டுவிப்பவனும் இறைவனே. அதுவும் மலம் தேய்தற்பொருட்டே என்பது சித்தாந்தத் துணிபு. துணிபு மெய்யே. ஆயினும் அதனைத் துயருற்றார் முகத்தின் முன்னின்று எடுத்தோதுவது சித்தாந்தம் அறிந்தார் செயலன்று, அது வன்கண்மை. அவர் நம்பிக்கை குறைந்தமையால் மகவு போயிற்று என்று கூறுவதோ அதனினும் கொடிது. சிவநேசர் மகளும் இறந்தே போனாள் அன்றோ? நம்பிக்கை அம்மரணத்தைத் தடுத்திலது. பழுதற்ற நம்பிக்கை உடையார்க்கும் இழப்பு வரும் என்பதையே இவ்வரலாறு முதலிற் கூறுகின்றது.

அங்ஙனமாயின் இறைவன் உண்மை யாண்டுள்ளது? முன்னர்க் கூறிய சொற்பொருளை மீண்டும் நினைவுகொள்க. உண்மையாவது உளனாய் நிற்றல். துன்பம் வாராமற் செய்வேன் என்பது இறைவன் தந்த உறுதியன்று. எந்நிலையினும் உயிரோடு உடனாய் நிற்பேன் என்பதே அவன் இயல்பு. இறந்த உயிரையும் அவன் விட்டு நீங்கானாதலின், நம் கையினின்றும் போன மகவு அவன் கையினின்றும் போயிற்றன்று. குடம் திறவாதவரும் இதனை நம்புதற்கு உரியர்.

மற்றொன்றும் உண்டு. சிவநேசர்பால் இறைவன் உண்மை எவ்வடிவில் வந்தது? ஓர் அடியவர் வடிவில், ஒற்றியூரினின்று வழி நடந்து வந்தது. ஆதலின் துயருற்றார் இல்லம் சென்று, விளக்கவுரை கூறாது, வாளா உடனிருத்தல் சிவனடியார் கடமையாம். இறைவனது உடனாதலை அவர் உணர்தற்கு நம் உடனிருத்தல் ஒரு வாயிலாகக் கூடும்.

7. அடியார் பிழைத்தவழி

இனி, நம் பக்கத்துக் கட்டு அறுந்தால் நிகழ்வது யாது என்பதற்குச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் வரலாறு சான்றாம். திருவொற்றியூரிற் சங்கிலியாரைக் கண்டு விரும்பிய சுவாமிகள், இறைவனையே தூது வேண்டினார். பிரியேன் என்று உறுதிமொழி கூறவேண்டும் என இறைவன் பணிக்க, சந்நிதியில் யான் சூள் உரைக்கும்போது தேவரீர் மகிழின் கீழ் எழுந்தருளல் வேண்டும் என்று சுவாமிகள் கேட்டுக்கொண்டார். இறைவன் அதற்கு இசைந்து, சங்கிலியாரிடம் மகிழின் கீழேயே சூள் கேட்குமாறு உணர்த்தினான். மகிழின் கீழ் உரைத்த அச்சூளைச் சுவாமிகள் பின்னர் மறந்து, ஆரூரை நினைந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்ணும் ஒளியிழந்தன. இந்நிகழ்ச்சி இன்றும் ஒற்றியூர் மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாகக் கொண்டாடப்படுகின்றது.

இதனை விளையாட்டாகவோ தண்டனையாகவோ மட்டும் கொள்ளற்க. சுவாமிகள் தம்பிரான் தோழர்; சங்கிலியாரோ தம் சொல்லன்றி வேறு துணையில்லாத ஒரு பெண். தோழன் என்னும் கண்ணோட்டத்தால் இறைவன் அப்பெண்ணுக்குத் தந்த காப்பினைக் கைவிட்டானல்லன். வலியார் மெலியார்க்கு உரைத்த சூளுக்கு இறைவனே காவலன் என்பது இதனால் விளங்கும்.

மெலியாரைக் கைவிடாத இறைவன் பிழைத்த தோழரையும் கைவிட்டிலன். திருவெண்பாக்கத்தில், கோயிலுள் இருக்கின்றீரோ என்று சுவாமிகள் வினவியபோது, இருக்கின்றோம், நீர் போகலாம் என்ற அளவில் விடை வந்தது, ஊன்றுகோலும் கிடைத்தது. பின் காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றொரு கண்ணும் ஒளிபெற்றன. கண் அளிக்குமுன் கோல் அளித்ததும், கோலோடு 'இருக்கின்றோம்' என்ற சொல்லை அளித்ததும் நினைந்து நினைந்து இன்புறற்பாலன. மறக்கருணை என்று சித்தாந்தம் கூறுவது இதுவே. வெறுத்தாற்போலத் தோன்றிய காலத்தும் அவன் உளனாயே இருந்தான். சுவாமிகளும் இருளில் நின்று உரிமையோடு கடிந்து பாடினாரேயன்றிப் பாடுதலை விட்டிலர். பிழைத்தவர் செய்யத்தக்கது இஃதே: திருமுன்பினின்று ஓடாது, ஊன்றுகோல் அளவே கிடைப்பினும் அதனைப் பற்றி நடத்தல்.

8. மறவாமை

நம் கடமையை நாள்தோறும் ஆற்றுமாறு எங்ஙனம்? இதற்கும் மயிலையே விடை தருகின்றது. அறுபத்துமூவருள் ஒருவராகிய வாயிலார் நாயனார் அவ்வூரிற் பிறந்தவர். அவர் செங்கல் கொண்டு கோயில் எடுத்தாரல்லர். மறவாமையையே கோயிலாகவும், உணர்வையே விளக்காகவும், ஆனந்தத்தையே திருமஞ்சனமாகவும், அன்பையே அமுதாகவும் கொண்டு அகத்தே நெடுநாள் வழிபட்டுத் திருவடி எய்தினார். நால்வகைப் பொருளுள்ளும் கோயிலாக வைக்கப்பட்டது மறவாமை என்பதைக் குறித்துக்கொள்க. விளக்கு ஒருகால் மங்கலாம். ஆனந்தம் ஒருகால் வற்றலாம். கோயில் நின்றதாயின் அவற்றை மீண்டும் அமைத்துக்கொள்ளலாம். சுந்தரர் பிழைத்ததும் மறதியினாலே. சிவநேசர் உய்ந்ததும் தாம் கூறிய சொல்லை மறவாமையினாலே.

மயிலைத் திருக்கோயிலே இம்மறவாமைக்குச் சான்றாய் நிற்கின்றது. பழைய கபாலீச்சரம் கடற்கரையை அடுத்திருந்தது என்பதும், 16-ஆம் நூற்றாண்டிற் போர்ச்சுகீசியர் ஆட்சியில் அது அழிந்தபின் இப்போதுள்ள கோயில் உள்நிலத்தே எழுப்பப்பட்டது என்பதும் அறிஞர் பலர் கருத்து. கல் அழிந்தது, அன்பர் மறந்திலர், இறைவனும் நீங்கிலன். இன்றும் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாட் காலையிற் பூம்பாவை உயிர்பெற்ற நிகழ்ச்சி நடத்திக் காட்டப்படுகின்றது. மாலையில் அறுபத்துமூவர் வீதியுலா வருகின்றனர்.

அன்பர்காள்! அந்நாளில் மாடவீதியில் நிற்குங்கால், குடம் திறந்ததை மட்டும் கண்டு மீளாதீர்கள். குடம் மூடியிருந்த நாட்களையும் நினைமின். நம் ஒவ்வொருவர் இல்லத்திலும் அத்தகைய குடம் ஒன்று உளது: ஈடேறாத முயற்சி, மீளாத உறவு, காத்தற்கு அரிதான ஒரு சொல். அதனை எறிந்துவிடாமல், இஃது அவனுடையது என்று மலர் சூட்டி வைத்தலே நம் பங்கு. எப்பொழுது திறப்பது, எவ்வாறு திறப்பது, திறப்பதோ திறவாமையோ நமக்கு நலம் என்பன அவன் பங்கு. அவன் உளன், நாம் மறவாதிருப்போமாக.

திருச்சிற்றம்பலம்.